கச்சான் குழு கத்திய இடங்கள்

கச்சான் குழு மொத்தம் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தது. ஏழு தடவை மேடை ஏறியது; அதில் நாலு தடவை பாதியிலேயே இறக்கி விட்டார்கள். இசைத்தட்டு போட்டதில்லை, ரேடியோவில் வந்ததில்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்படி ஒரு குழு இருந்ததற்கு அடையாளம் என்று தேடினால் தூத்துக்குடியைச் சுற்றி நாலைந்து இடங்கள்தான் மிஞ்சும். அந்த இடங்களை வரிசையாகச் சொன்னால் சந்தனமாரியின் கதையையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதல் இடம், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் காலியாகக் கிடந்த ஒரு பஞ்சுக் கிட்டங்கி. கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்குகிற கோடவுன்.

சந்தனமாரி முத்தையாபுரத்துக்காரி. அப்பா இல்லை. அவளும் அம்மா பிச்சம்மாளும் தை பிறந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் உப்பளத்தில் உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை விழுந்து பாத்திகள் கரைந்துவிட்டால் ஊருக்குள் வந்து உப்புக் கிட்டங்கியில் சாக்குத் தைப்பார்கள். அவளுக்கு அப்போது வயது இருபத்திமூன்று. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் குரல் மட்டும் எங்கேயும் நிற்காது. கச்சான் காற்று மேற்கிலிருந்து வாரி அடிக்கிற மாதங்களில் உப்பளத்தில் பக்கத்துப் பாத்திக்காரி பேசுவதே காதில் விழாது. குடிதண்ணீர் வண்டி வந்தாலும், கஞ்சி குடிக்க நேரமானாலும், சந்தனமாரியைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். வரப்பில் ஏறி நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் கடைசிப் பாத்தி வரைக்கும் தலைகள் நிமிரும்.

அதே குரலுக்கு வீட்டில் வசவு. உடன்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், அவள் காப்பித் தட்டை நீட்டி "எடுத்துக்கிடுங்க" என்று சொன்ன ஒரே வார்த்தையில் எழுந்து போய்விட்டார்கள் என்று பிச்சம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சந்தனமாரி சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனாலும் அதற்குப் பிறகு வெளி ஆட்கள் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்க யோசிக்கிறவளாக ஆகியிருந்தாள்.

1977 ஐப்பசியில் அவள் சாக்குத் தைத்த கிட்டங்கிக்கு அடுத்ததுதான் அந்தப் பஞ்சுக் கிட்டங்கி. சாயங்காலம் ஆனால் அங்கிருந்து ஒரு சத்தம் கிளம்பும். தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி, கூடவே யாரோ பானையைப் போட்டு உடைத்த மாதிரி. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கையில் கோணி ஊசியோடு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

"ஏலே! நிறுத்துங்கலே! மனுசி இங்கன சாக்குத் தைக்கதா, காதப் பொத்துததா?"

உள்ளே இரண்டு பேர். ஒருவன் கையில் சிவப்பு நிறக் கித்தார், இன்னொருவன் முன்னால் டிரம். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். டிரம்காரன் குனிந்து ஆம்ப்ளிபயரின் திருகைப் பார்த்தான். அது முழுக்கத் திருகிக் கிடந்தது.

"காக்கா, இந்தப் பிள்ள மைக்கே இல்லாம நம்மள அமுக்கிட்டால்லா!" என்றான்.

அவன் பெயர் அற்புதமணி. மைக் செட் கடையில் வேலை. கல்யாணம், கருமாதிக்குக் குழாய் கட்டுகிறவன். அந்தப் பழைய ஆம்ப்ளிபயர் கடையில் கழித்துப் போட்டது. கித்தார் வைத்திருந்தவன் மொகுதூம், காயல்பட்டினத்துக்காரன்; அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. இரண்டு பேரும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தவர்கள். சுதி சேரவில்லை என்று ஒரே நாளில் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கித்தார் வந்த வழி தனி. புதுத் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்றில், மொட்டை போட்டு முடி பாதி வளர்ந்த மாதிரி தலையோடு ஓர் இங்கிலீஷ்காரப் பையன் இருந்தான். சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஊக்காகக் குத்தியிருந்தான். இரண்டு பெரிய சங்கும் ஒரு சிப்பம் உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு, இரண்டு கம்பி அறுந்த கித்தாரையும் ஒரு கேசட்டையும் மொகுதூமிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

"இந்தப் பாட்டுக்குப் பேரு பங்க்காம்" என்றான் மொகுதூம்.

"எது, பெட்ரோல் பங்க்கா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றான் அற்புதமணி.

கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். அவள் கோணி ஊசியை முந்தானையில் குத்திவிட்டு நின்றபடியே கேட்டாள். ராகம் என்று ஒன்றும் இல்லை. ஆரம்பித்த வேகத்தில் ஓடி, மூச்சு வாங்கியதும் நின்றுவிட்டது. ஒரு பாட்டு இரண்டு நிமிஷம்கூட இல்லை.

"இவன் பாடலியே, வையுதாம்லா?"

"ஆமா. அவன் ஊர்ல வேலை கிடைக்கலையாம்."

"ஆர வையுதான்?"

மொகுதூம் கொஞ்சம் யோசித்து, "எல்லாரையுந்தான்" என்றான்.

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. எந்தத் தொண்டைக்காகத் தன்னை வீட்டில் வைகிறார்களோ அதே தொண்டையை வைத்துக்கொண்டு எவனோ ஒருத்தன் எங்கேயோ மேடையில் நிற்கிறான். அவன் முன்னால் ஜனங்கள் கூடி நிற்கிற இரைச்சலும் கேசட்டில் கேட்கிறது. "இன்னொருக்கப் போடுங்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளே ஒரு பாட்டு கொண்டுவந்தாள். கட்டியது என்று சொல்ல முடியாது. உப்பளத்தில் பெண்கள் தினமும் முனகுவதைத்தான் வரிசையாக வைத்திருந்தாள்.

கண்ணு கூசுது கண்ணு கூசுது
வெள்ள உப்பில கண்ணு கூசுது
கறுப்புக் கண்ணாடி யாருக்கு?
காரில வார மொதலாளிக்கு!

காலு வெடிக்குது காலு வெடிக்குது
கடுத்த நீரில காலு வெடிக்குது
ரப்பர் செருப்பு யாருக்கு?
வரப்பில நிக்க கணக்கனுக்கு!

மொகுதூமுக்குக் கித்தாரில் மூன்று பிடிதான் தெரியும். இந்தப் பாட்டுக்கு இரண்டே போதுமாக இருந்தது. அற்புதமணி தார் டின் ஒன்று கொண்டுவந்து கிட்டங்கியின் வெளிச்சுவரில் "கச்சான்" என்று பெரிதாக எழுதினான். குழுவுக்குப் பெயரும் ஆயிற்று.

இரண்டாவது இடம், ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம். வர வேண்டிய மெல்லிசைக் குழுவின் பாடகருக்குக் காய்ச்சல் என்று அற்புதமணி வேலை பார்த்த கடைக்குத் தகவல் வந்தது. "எங்கிட்ட ஒரு குழு இருக்கு" என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருக்க, சந்தனமாரி மைக் முன்னால் போய் நின்றாள். முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். கண்ணைத் திறந்தபோது முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பாட்டு முடிவதற்குள் மாப்பிள்ளையின் மாமா நேரே சுவர்ப்பக்கம் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார். கித்தார் செத்தது. விளக்கும் அணைந்தது. சந்தனமாரியின் குரல் மட்டும் அந்த இருட்டில் இன்னும் ஒரு வரி ஓடித்தான் நின்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சோறு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாவது இடம் தருவைகுளம் என்கிற மீனவர் ஊர். மார்கழியில் அங்கே ஒரு விழா. நாடகக்காரர்கள் வந்த வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அவர்கள் வருகிற வரைக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று குழாய் கட்டப் போயிருந்த அற்புதமணியிடம் சொன்னார்கள். கடற்கரை மணலில் பலகை மேடை. பொழுது சாய்கிற நேரம். பிச்சம்மாளும் வந்திருந்தாள், மகளை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போக என்று சொல்லிக்கொண்டு. பாட்டு முடிந்ததும் மணலில் இருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் எழுந்து, "ஏளா, எங்களுக்கும் ஒரு வரி போடு" என்றார்.

"என்ன வரி அண்ணாச்சி?"

"வலையக் கிழிக்க லாஞ்சி யாருக்கு?"

அந்த வருஷங்களில் லாஞ்சி ஓட்டுகிற விசைப்படகுக்காரர்களுக்கும், வலை கிழிபட்ட நாட்டுப்படகு வள்ளக்காரர்களுக்கும் கடலில் தினம் ஒரு சண்டை. சந்தனமாரி அந்த வரியைச் சேர்த்துப் பாடினாள். மூன்று தடவை பாடச் சொன்னார்கள். மூன்றாம் தடவை மைக்கே தேவைப்படவில்லை. திரும்புகிற பஸ்ஸில் பிச்சம்மாள், முத்தையாபுரம் வருவதற்கு முன்னால், "தொண்ட கட்டிக்கிடப் போவுது, சுக்குத்தண்ணி போடுதேன்" என்றாள்.

தை பிறந்தது. பாத்திகளில் மறுபடி நீர் ஏற்றினார்கள். மாசியில் முதல் உப்பு விளைந்து வாரத் தொடங்கியபோது பாட்டு உப்பளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சந்தனமாரி யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இசக்கித்தாய் என்பவள் வாருபலகையை இழுக்கிற இழுப்புக்குத் தகுந்த மாதிரி "கண்ணு கூசுது" என்பாள். அடுத்த பாத்தி "கண்ணு கூசுது" என்று திருப்பும். வேலை என்னவோ வேகமாகத்தான் நடந்தது. ஆனால் வரப்பில் ரப்பர் செருப்போடு நின்ற கணக்கப்பிள்ளை மாடக்கண்ணுவுக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. அவர் போய் முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி உப்பளத்து ஓரத்தில் ஓடு போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நீதான் சந்தனமாரியா? அந்தப் பாட்ட ஒருதரம் பாடு, கேப்போம்."

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக முனகுகிற குரலில் பாடினாள். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இடது கண் பால் விட்ட மாதிரி வெளுத்திருந்தது. வலது கண் சிவந்து நீர் கட்டி நின்றது.

"போன வருசம் மதுரையில ஆப்ரேசன் பண்ணினது. ஒண்ணு போச்சு. இன்னொண்ணுல வெளிச்சம் பட்டா ஊசி குத்துத மாதிரி இருக்கு. பவுசுக்குப் போட்டுக்கிட்டு அலையுதேன்னு நெனச்சியா?"

அவள் மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"பத்து வயசில எங்கய்யா கூட வாருபலக பிடிச்சவன் நான். இருவது வருசம் வாரியிருக்கேன். இந்தக் கண்ணு உப்பு தின்ன கண்ணு, பாத்துக்க."

சந்தனமாரிக்கு உடம்பு கூசியது. தெரியாத ஒரு மனிதனைப் பற்றி ஊர் ஊராகக் கத்தியிருக்கிறோமே என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். வெளியே உச்சி வெயிலில் உப்பு அம்பாரங்கள் வரிசையாக எரிந்தன. அம்மா ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறுகையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி திரும்பினாள்.

"அண்ணாச்சி, அப்பம் ஒங்களுக்குத் தெரியும்லா?"

"என்னது?"

"எப்பிடிக் கூசும்னு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "பாட்ட விட்டுரு. பாத்தி ஒனக்கு எப்பவும் இருக்கும். அம்புட்டுத்தான்" என்றார்.

நாலாவது இடம், முத்தையாபுரத்தில் ஓர் அம்மன் கோயில். அடுத்த மேடை அங்கே, சித்திரையில் வருகிற கொடைத் திருவிழாவுக்கு. நாள் நெருங்க நெருங்கச் சந்தனமாரிக்கு வேலை ஓடவில்லை. கிட்டங்கியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"அவரப் பாவம்னு பாத்தா நம்ம பாட்டு என்ன ஆவுறது?" என்றான் அற்புதமணி.

"பொய்யின்னு தெரிஞ்ச பெறவு எப்படிப் பாடுறது?" என்றான் மொகுதூம். "அந்த வரிய எடுத்துருவோம்."

சந்தனமாரி வெகுநேரம் தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். "அவரு பாவந்தான். பாவம்னு நான் பேசாம இருந்தா எங்கம்மைக்கும் அதே கண்ணுதான வரும்?" என்றாள். பிறகு புது வரியைச் சொன்னாள். மொகுதூம் அதைக் கேட்டுவிட்டுக் கித்தாரைக் கீழே வைத்தான். "இது முந்தினத விட வலிக்கும்" என்றான்.

"வலிக்கத்தான் செய்யும். ஆனா பொய்யில்ல."

கொடைக்கு நிறைய வரிப்பணம் கொடுத்த பெரிய கை என்பதால் அண்ணாச்சி முன் வரிசையில் நாற்காலியில் இருந்தார். விளக்கு வைக்கிற நேரம். பந்தல் முழுக்க உப்பளத்துப் பெண்கள். சந்தனமாரி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கண்ணு கூசுது கண்ணு கூசுது
வெள்ள உப்பில கண்ணு கூசுது
கறுப்புக் கண்ணாடி எப்பம் வரும்?
கண்ணு அவிஞ்ச பெறவா தருவிய?

யாரும் பீஸைப் பிடுங்கவில்லை. மாடக்கண்ணு மட்டும் பாதி எழுந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அண்ணாச்சி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பாட்டு முடிகிற வரைக்கும் இருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்து போனார்.

மறுநாள் காலையில் சந்தனமாரிக்குப் பாத்தி இல்லை என்று மாடக்கண்ணு சொன்னார். பிச்சம்மாளுக்கு இருந்தது. "நானும் வரல" என்று பெட்டியைப் போட்டாள் பிச்சம்மாள். சந்தனமாரிதான் சமாதானம் சொல்லி அம்மாவை வரப்புக்குள் அனுப்பினாள். அந்த உப்பளம்தான் கச்சான் குழுவின் ஐந்தாவது இடம் என்று சொல்ல வேண்டும், குழு ஒரு நாளும் அங்கே வாசித்ததில்லை என்றாலும்.

அவள் இறால் கம்பெனியில் சேர்ந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்து இறாலின் தலையைக் கிள்ளுகிற வேலை. வெயில் இல்லை, கூச்சம் இல்லை. ஆனால் மேற்பார்வைக்காரி பேசக்கூடாது என்பாள். பேசாமல் இருந்து இருந்து சாயங்காலம் கிட்டங்கிக்கு வரும்போது தொண்டை தினவெடுத்து நிற்கும்.

ஆடியில் ஒரு நாள் உப்பளத்துக்கு மதுரையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. நாற்பது கறுப்புக் கண்ணாடி. யார் பெயரையும் சொல்லாமல் மாடக்கண்ணு ஆளுக்கொன்று கொடுத்தார். வேர்வையில் வழுக்கி வழுக்கி விழுகிறது என்று பாதிப் பேர் இரண்டாம் நாளே கழற்றிவிட்டார்கள். இசக்கித்தாய் சினிமாவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் காதோடு சேர்த்து நூலால் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு விடாமல் போட்டார்கள். பிச்சம்மாள் அதில் ஒருத்தி.

"எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"உப்பு பச்சையாத் தெரியுதுளா" என்றாள் பிச்சம்மாள், வீட்டுக்குள் வந்தும் அதைக் கழற்றாமல்.

அந்த வருஷம் மார்கழியில் மொகுதூமுக்கு வளைகுடாவுக்கு விசா வந்தது. சவூதியில், தமாமில் ஒரு கிட்டங்கியில் வேலை. கித்தாரை அற்புதமணியிடம் கொடுத்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினான். கடல் காற்றில் கம்பிகள் துரு ஏறி ஒவ்வொன்றாக அறுந்தன. குழு அதோடு நின்றது.

1979 வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர் என்றும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி கம்பெனியே கொடுக்கிறது என்றும் எழுதியிருந்தான். "நாம வாசிச்ச இடமெல்லாம் இப்போ எப்படி இருக்குதுன்னு ஒரு தரம் போய்ப் பார்த்து எழுதுங்க. படுத்தா அதுதான் கண்ணுக்குள்ள வருது" என்று முடித்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தனமாரியும் அற்புதமணியும் புறப்பட்டார்கள். பஞ்சுக் கிட்டங்கியில் இப்போது அவுரி இலை மூட்டை அடுக்கியிருந்தது. காவல்காரர் உள்ளே விடவில்லை. வெளிச்சுவரில் புதுச் சுண்ணாம்பு பாதி வரை அடித்திருந்தார்கள். "கச்சா" வரைக்கும் தெரிந்தது, "ன்" போய்விட்டது.

"முன்னால கச்சா எண்ணெய் வச்சிருந்த கிட்டங்கி போலுக்கு" என்றார் காவல்காரர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நகர்ந்து வந்து தெருமுனையில் நின்று சிரித்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் வேறு கல்யாணம். வாசலில் நின்று அந்த பீஸ் பெட்டியை எட்டிப் பார்த்தவர்களைப் பெண் வீட்டார் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாயசம் வரைக்கும் சாப்பிட்டு விட்டுத்தான் வர முடிந்தது.

தருவைகுளத்தில் மேடை போட்ட இடத்தில் வள்ளங்கள் ஏற்றிக் கிடந்தன. எந்த இடம் என்று சரியாகப் பிடிபடவில்லை. அங்கிருந்து பஸ்ஸுக்கு நடந்து வரும்போது வழியோரத்து உப்பளத்தில் பெண்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. சந்தனமாரி சட்டென்று நின்றாள்.

"கண்ணு கூசுது கண்ணு கூசுது…"

வரப்போரம் போய்க் கேட்டாள். "ஏளா, இது ஆரு கட்டின பாட்டு?"

"இதுவா? இது வேதாரண்யத்துப் பக்கமிருந்து வந்த பழைய பாட்டுக்கா. எங்க மாமியா காலத்துலயே உண்டு" என்றாள் ஒருத்தி.

அற்புதமணி வாயைத் திறந்தான். சந்தனமாரி அவன் முழங்கையைப் பிடித்தாள். நெஞ்சுக்குள் ஒரு கணம் ஏதோ பறிபோன மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அடுத்த அடியைப் பாடினார்கள். அது அவளுக்குத் தெரியாத அடி. குடிதண்ணீர்ப் பானை வெயிலில் இருப்பதைப் பற்றி. அவளுக்கு அது தோன்றியதே இல்லை. ஆறு வருஷம் அந்தச் சுடுதண்ணீரைக் குடித்தும் தோன்றியதில்லை.

"அந்தக் கடைசி அடிய இன்னொருக்கச் சொல்லு, தாயீ" என்றாள். இரண்டு தடவை சொல்லச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து மொகுதூமுக்குப் பதில் எழுதினாள். கிட்டங்கிச் சுவர், பாயசம், வள்ளங்கள், அந்தப் புது அடி எல்லாவற்றையும் எழுதினாள். தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் நெருக்கி இப்படி எழுதி முடித்தாள்:

"எங்க கம்பெனியில என் பக்கத்து மேசையில பேபின்னு ஒரு பிள்ள. புல்புல்தாரான்னு ஒரு தந்தி வாத்தியம் வச்சிருக்கா. கோவிச்சுக்கிடாதிய, ஒங்களவிட வேகம். அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து வாரேன்னிருக்கா. அற்புதமணி அண்ணன் டிரம்முக்குப் புதுத் தோல் போட்டாச்சு. சத்தம் போட ஒரு இடந்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."